நாலு டம்ளர் பால்

ஜூன் 4

மகளுக்கு,

அம்மா எழுதுவது. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன் என்று முதல் வரியில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் தம்பி வீட்டில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி தங்கமானவள். அவள் போடும் டீயைத்தான் வாயில் வைக்க முடியவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீருக்கும் அதற்கும் சர்க்கரை ஒன்றுதான் வித்தியாசம்.

போன் செய்ய மாட்டேன். மணி அடித்தால் உன் பெண் பட்டன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள், அது ஒன்று. நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் கத்துவோம், அது இன்னொன்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அந்தப் பட்டாணி டீச்சர் முன்னால் வைத்து, "நீ கிளம்பும்மா, தம்பி வீட்டுக்குப் போ" என்றாய். ஒரு பட்டாணியைக் குழந்தை விரலால் தொடுவதற்கு ஒரு மாதம் பாடம் நடத்தின டீச்சர் அவள். அவள் முன்னால்! நான் என்ன சொல்லிவிட்டேன்? "ரெண்டு நாள் பட்டினி போட்டா பசி தானா வாயைத் திறக்கும்" என்றேன். நீங்கள் மூன்று பேரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் முப்பத்தொரு வருஷம் பேக்டரி கான்டீனில் தினம் நானூறு தட்டுக்குச் சமைத்தவள். எவனாவது தட்டில் மீதி வைத்தால் அவன் முன்னால் போய் நிற்பேன். "என்ன குறை? சொல்லிட்டு எந்திரி" என்பேன். பெரிய மேனேஜர்கூட வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நானும்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வயிறு என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கிறது, அதைத்தான் சொன்னேன்.

போகட்டும். பால் நாலு வேளை. ஆறரை, பத்து, இரண்டு, ஆறு. நீல டம்ளர். ஆடையை இரண்டு தடவை வடிகட்டு. சோறு ஆறின பிறகு, உப்பில்லாமல், தட்டில் வேறு எதுவும் தொடாமல். வாழைப்பழத்தை நீ உரித்துக் காட்டக் கூடாது, அவள் பார்க்கும்போது பாதி உரித்ததாக இருக்க வேண்டும். ரஸ்க் முழுசாக இருக்க வேண்டும், முனை உடைந்தால் போயிற்று. வட்ட பிஸ்கட்டில் பதினாறு ஓட்டை, அவள் தொட்டுப் பார்த்த பிறகுதான் கடிப்பாள், அவசரப்படுத்தாதே. இந்த ஐந்துதான் அவள் உலகம். உனக்குத் தெரிந்ததுதான். வேலைக்குப் போகிறவள், ஒன்றிரண்டு மறந்திருக்கும் என்று எழுதினேன்.

நான் கிளம்பின அன்றைக்குக் காலையில் அவள் பால் சரியாகக் குடிக்கவில்லை. வயிறு மந்தமாக இருந்திருக்கும். வேறு ஒன்றும் இல்லை.

அம்மா


ஜூன் 11

அம்மா,

கடிதம் வந்தது. நான் எதையும் மறக்கவில்லை.

பட்டன் பால் குடிப்பதில்லை. நீ போன நாளிலிருந்து ஒரு டம்ளர்கூட இல்லை. நீல டம்ளரை மாற்றிப் பார்த்தேன். பழையபடி நீல டம்ளருக்கே வந்தேன். சூடாக, ஆற வைத்து, வேறு கம்பெனிப் பால், மூன்றாவது கம்பெனிப் பால். ஒவ்வொரு தடவையும் டம்ளரை வாங்கி மோந்து பார்க்கிறாள். ஒரு இடத்தில் இல்லை, விளிம்பு முழுக்கச் சுற்றி வந்து மோந்து பார்க்கிறாள். பிறகு மெதுவாகத் தரையில் கவிழ்த்துவிட்டு நகர்ந்து போகிறாள். அழுவதில்லை. அழுதாலாவது பரவாயில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. உன் கை வாசனையைத் தேடுகிறாள். இரண்டு வருஷமாக நாலு வேளையும் நீதான் கொடுத்தாய். உன் மடியில் உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கான்டீன் கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டே குடிப்பாள். அதை வைத்துத்தானே நீ அவளுக்குப் பட்டன் என்று பெயர் வைத்தாய். டீச்சரிடம் சொன்னேன். "இருக்கலாம். பாட்டி போனது அவளுக்குப் பெரிய விஷயம்தான்" என்றாள்.

அவர் லாரியோடு போய் எட்டு நாள் ஆகிறது. பட்டனை யாரிடமும் விட முடியாமல் வேலைக்குக் கூட்டிப்போனேன். ஓட்டல் சலவைப் பிரிவில் அந்தப் பெரிய மெஷின்களுக்கு வட்டக் கண்ணாடிக் கதவு இருக்கிறது இல்லையா, அதற்கு எதிரே உட்கார்ந்தால் படுக்கை விரிப்புகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு ரஸ்க் தின்கிறாள். நான் விரிப்பை மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் எண்ணுகிறேன். சூப்பர்வைசர் அம்மா, "இந்த வாரம் மட்டும்தான், எனக்கும் மேல ஆள் இருக்காங்க" என்றாள்.

எடை பதினைந்து கிலோ இருநூறு. அவள் வயிற்றுக்குப் போனதில் பாதி பால்தான் என்கிறார் டாக்டர்.

நான் அன்றைக்குச் சொன்னது அதிகம். வெளி ஆள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. நீ வருகிறாயா?


ஜூன் 17

மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு உன் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். எதிர்வீட்டு டெய்லரம்மா துணி அளக்க வந்திருந்தாள், அவளும் கேட்டாள். "உங்க கை வாசனைக்காக ஒரு பச்சைப் புள்ள பாலை வேண்டாம்ங்குதா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆனால் உடனே வர முடியாது. முட்டி வீங்கியிருக்கிறது. போ என்றால் இறங்கி, வா என்றால் ஏற நான் என்ன லிப்டா? உன் தம்பி வயரிங் வேலைக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறான், இவள் செருப்புக் கடையில் நின்று கால் வீங்கி வருகிறாள், இங்கேயும் ஒரு ஆள் அடுப்படியில் வேண்டியிருக்கிறது. என் டீயைக் குடித்த பிறகு இவள் தன் டீயைத் தானே குடிக்க மறுக்கிறாள்.

பால் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருக்காதே. ஒன்றிலேயே நில். டம்ளரைச் சோப்புப் போட்டு நாலு தடவை கழுவி, வெயிலில் கவிழ்த்து வை. முடிந்தால் டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே மாதிரி புதுசு வாங்கு. பத்து நாள் பாலே காட்டாதே. பத்து நாளில் மறந்துவிடுவாள். பிறகு முதல் தடவை கொடுப்பதுபோலக் கொடு.

டீச்சரிடம் அப்படிச் சொன்னாயே, அவள் வேறு ஏதாவது கேட்டாளா?

அம்மா


ஜூன் 25

அம்மா,

மறந்துவிடுவாள் என்று எழுதியிருக்கிறாய். எதை? உன்னையா? அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசி போட்ட நர்ஸின் கைக்கடிகாரம் மாதிரியே ஒன்றைப் போன மாதம் பஸ்ஸில் வேறு ஒருவர் கையில் பார்த்துவிட்டு எப்படி அலறினாள் என்று உனக்குத் தெரியும்.

புது டம்ளர் வாங்கினேன். தொடவே இல்லை.

வாழைப்பழமும் போய்விட்டது. போன சனிக்கிழமை உள்ளே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. கடுகளவுகூட இல்லை. முன்பெல்லாம் அந்தப் பழத்தை மட்டும் வேண்டாம் என்பாள், அடுத்ததைத் தின்பாள். இப்போது வாழைப்பழமே வேண்டாம். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறாள் அம்மா. சோற்றை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள், திருட்டுச் சாமான் தேடுகிற போலீஸ் மாதிரி. ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம்.

பதினான்கு கிலோ அறுநூறு. பதினான்குக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலை வாரவே விடாதவள். அவள் முகத்தில் குழாய்.

நீ வரவில்லை, சரி. உன் முட்டியைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். அவனுக்கு அப்படி ஒன்று தெரியவே தெரியவில்லை. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

உன் வெள்ளைக் கோட்டையாவது அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. நான் போட்டுக்கொண்டு பாலைக் கொடுத்துப் பார்க்கிறேன். பட்டன் கையில் கிடைத்தால் குடித்தாலும் குடிப்பாள். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.


ஜூன் 30

மகளுக்கு,

கோட்டை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை. மூன்றாவது பட்டன் லூசாக இருந்தது, இறுக்கித் தைத்திருக்கிறேன், வாயில் போட்டுக்கொள்ளப் போகிறாள்.

இரண்டு நாள் கோட்டை மடித்து மடித்துப் பிரித்தேன். தம்பி பெண்டாட்டி, "அத்தை, அனுப்பறதுன்னா அனுப்புங்க, இல்லேன்னா போட்டுக்குங்க. ஏன் அதைப் போட்டு வதைக்கிறீங்க?" என்றாள்.

ஒருவேளை நீ சொல்கிற மாதிரியே இருக்கலாம். என் வாசனையாகவே இருக்கலாம். குழந்தை மனதை யார் கண்டது.

இன்னொன்று எழுத நினைத்தேன். காகிதத்தில் இடம் இருக்கிறது. எழுத வரவில்லை.

அம்மா


ஜூலை 8

அம்மா,

கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கையில் பால், ஒரு கையில் சோற்றுக் கிண்ணம். பால் வேண்டாம் என்றால் சோற்றையாவது கொடுக்கலாம் என்று.

ஓடி வருவாள் என்று நினைத்தேன். பார்த்தாள். கோட்டை மட்டும் பார்த்தாள், என் முகத்தை இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே பின்னால் நடந்து போய்ச் சமையலறைச் சுவரில் முட்டி நின்றாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, அலமாரியில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினாள். வரிசையாக. நாலு டம்ளர். அப்புறம் மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைக் கழற்றினார்.

அன்றிலிருந்து சோறும் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காகச் சோறும் போய்விட்டது. பிஸ்கட்டும் ரஸ்க்கும்தான் மிச்சம்.

அவள் உன்னைத் தேடவில்லை அம்மா. பயப்படுகிறாள். ஒரு மாதமாக டம்ளரை மோந்து மோந்து எதைத் தேடினாள்? நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். குறுக்கே பேச முடியாது என்று நீதான் எழுதினாய். நீயும் என் குறுக்கே பேச முடியாது.

என்ன செய்தாய்?


ஜூலை 13

பாலில் கலந்தேன்.

முதலில் முந்திரிப் பருப்பு. ஊறவைத்து, மை மாதிரி அரைத்து, மெல்லிய துணியில் மூன்று தடவை வடிகட்டினேன். முதல் நாள் ஒரு சொட்டு. மறுநாள் இரண்டு சொட்டு. அப்படியே ஏற்றினேன். கான்டீனில் இதுதான் என் வித்தை. கேரட் பிடிக்காது, கீரை பிடிக்காது என்பார்கள். குழம்பில் அரைத்து விட்டுவிடுவேன். வழித்துத் தின்றுவிட்டு, "இன்னிக்கு ருசியே தனி" என்பார்கள். ஒருத்தனும் கண்டுபிடித்ததில்லை. ஏமாற்றித் தின்ன வைப்பதும் சமையல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

பத்து நாள் குடித்தாள். மே மாதக் கடைசியில் எடை பார்த்தபோது முந்நூறு கிராம் ஏறியிருந்தது, நினைவிருக்கிறதா? டீச்சர் உன்னைப் பார்த்து, "என்ன செய்யறீங்க? அப்படியே தொடருங்க" என்றாள். நீ சிரித்தாய். நான் மூலையில் உட்கார்ந்து உள்ளுக்குள் துள்ளினேன். படித்த டீச்சருக்கு ஒரு மாதத்தில் ஒரு பட்டாணி. எனக்குப் பத்து நாளில் முந்நூறு கிராம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினோராவது நாள் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. கால் ஸ்பூன்தான். உங்கள் எதிர்வீட்டில் வாங்கி, அங்கேயே அவித்து, அங்கேயே கரைத்து எடுத்து வந்தேன். உன் வீட்டில் முட்டை வாசனை வரக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

ஒரு வாய் எடுத்தாள். விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. வாயைத் திறந்து அப்படியே விட்டாள், பால் சட்டையெல்லாம் வழிந்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். யார் கண்ணையும் பார்க்காத பிள்ளையடி அது. இரண்டு வருஷம் மடியில் வைத்திருந்தேன், என் பட்டனைப் பார்த்திருக்கிறாள், என் கண்ணைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள். நான்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த நடுக்கத்தில்தான் சாயங்காலம் டீச்சரிடம் பட்டினி போடு என்று கத்தினேன். நீ அனுப்பினாய். எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று. கோபித்துக்கொண்டு போகிறவளை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

உன் முதல் கடிதம் வந்தபோது, அவள் எதை மோந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே டெய்லரம்மா முன்னால் அதைப் படிக்க வைத்துக் கேட்டேன். என் கை வாசனை என்று நீ எழுதின வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முட்டி வலி பொய். உன் முகத்தைப் பார்க்க வலித்தது. கோட்டை அனுப்பும்போதும் தெரியும். அவள் என் மடியில் இருந்தபோது அந்தப் பால் அந்தக் கோட்டின் மேலும் வழிந்தது. துவைக்காமல் அனுப்பு என்றாய். அனுப்பினேன். ஒருவேளை பலித்துவிட்டால் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று அனுப்பினேன்.

சோறு போனது என்னால். வாழைப்பழமும் என்னால்தான். புள்ளிக்காக இல்லை, ஒரு தடவை ஏமாந்த நாக்கு அது.




ஜூலை 19

கடிதம் கிடைத்தது.

பதின்மூன்று கிலோ எண்ணூறு. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்கை தருகிறார்கள்.

இனி எழுதாதே.


ஜூலை 30

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் வைத்தாலும் சரி.

குழாய் போட்டாகிவிட்டது என்று தம்பி சொன்னான். பிடித்துக்கொள்ள நாலு பேர் தேவைப்பட்டார்களாம். அதற்கு மேல் கேட்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கலாம், நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கேட்டுவிடலாம். அவளிடம் எப்படிக் கேட்பது? அவளுக்குப் புரிகிற பாஷை சாப்பாடு ஒன்றுதான். அதில்தான் நான் பொய் சொன்னேன்.

நேற்று இரண்டு வேளையும் உப்புப் போட மறந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். முப்பத்தொரு வருஷத்தில் நடக்காதது. பதில் வேண்டாம்.

அம்மா


ஆகஸ்ட் 20

அம்மா,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. மூன்றாவதில் "நம்பின குழந்தைக்கு நீ துரோகம் செய்தாய்" என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம். நானும் அவளும் மட்டும் வீட்டில். குழாய் போடாமல் தப்பிக்க முடியுமா என்று கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று நினைத்தேன். மடியில் இறுக்கி உட்கார வைத்து, என் காலால் அவள் காலை அழுத்தி, மூக்கைப் பிடித்தேன். வாய் திறந்தது. பாலை ஊற்றினேன். "குடிடி, குடிச்சுத் தொலைடி, செத்துப்போயிடாதடி" என்று கத்தினேன். கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். புரையேறி, உதடு நீலமாகி, எல்லாம் என் மேலேயே திரும்பி வந்தது. கையை எடுத்தபோது அவள் கன்னத்தில் என் விரல் நாலும் பதிந்திருந்தது.

நீ ஒளித்துக் கொடுத்தாய். நான் பிடித்துக் கொடுத்தேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அவள் என் கையிலிருந்து தண்ணீர்கூட வாங்குவதில்லை. குழாய் இடது மூக்கில் இருக்கிறது, கன்னத்தில் பிளாஸ்திரி. இரண்டு தடவை பிடுங்கினாள். அதனால் கையில் துணி உறை மாட்டியிருக்கிறோம். நாலு வேளையும் அந்தக் குழாயில் பால் மாதிரி ஒன்றை இறக்குகிறேன். அதே ஆறரை, பத்து, இரண்டு, ஆறு. அது இறங்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எடை பதினான்கு கிலோ முந்நூறு. டாக்டர் சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பிஸ்கட்டும் போய்விட்டது. வாயால் சாப்பிடுவது இப்போது ஒன்றே ஒன்று. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ரஸ்க். சில நாள் பாதி. சில நாள் தொடுவதே இல்லை. அப்போது மட்டும் கை உறையைக் கழற்றிவிடுவேன். தட்டில் வைத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். கதவு சாத்தின சத்தம் கேட்ட பிறகுதான் எடுப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கடிக்கிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போவதில்லை. சூப்பர்வைசர் அம்மா வந்து பார்த்துவிட்டு, இடம் காலியாக இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் வாரம் இரண்டு தடவை வருகிறாள். இப்போது பட்டாணியெல்லாம் இல்லை. "யாராவது ஒருத்தர் அவ எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க. அவளுக்குக் குடுக்காதீங்க, அவளைப் பாக்காதீங்க, பேசாதீங்க. சாப்பாட்டால ஆபத்தில்லேன்னு அவ கண்ணால பாக்கட்டும். மாசக்கணக்குல ஆகும். வருஷமும் ஆகலாம்" என்றாள். நான் தட்டோடு உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாள். அவர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில். வந்தாலும் அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடியாமல் தட்டைத் தள்ளிவிடுகிறார். நானும் அடுப்பங்கரையில் நின்றபடி எதையோ விழுங்குகிறேன். இந்த வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது.

வந்து சாப்பிடு அம்மா. சமைக்காதே. ஒன்றும் கொண்டு வராதே. அவளுக்கு எதையும் நீட்டாதே. உட்கார்ந்து சாப்பிடு, அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. வராததை எழுத இஷ்டமில்லை.


ஆகஸ்ட் 25

மகளுக்கு,

வருகிறேன்.

உன் கடிதத்தை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த மத்தியானத்தைப் பற்றி நான் உன்னிடம் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மூன்று நாளாக இங்கே பழகிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து, என் தட்டை மட்டும் பார்த்து, பேசாமல் சாப்பிடுவதற்கு. சிரிக்காதே, எனக்கு அது தெரியாது. அடுத்தவர் தட்டுக்குக் கண் தானாகப் போகிறது. தம்பி பெண்டாட்டி வாத்தியாரம்மா மாதிரி, "அத்தை, கண்ணு! அத்தை, மறுபடியும் பாக்கறீங்க!" என்கிறாள். முதல் நாள் உன் தம்பி பாதியில் எழுந்தபோது, "என்னடா குறை?" என்று வாயில் வந்துவிட்டது. நேற்று வரவில்லை. அவன் என்ன மீதி வைத்தான் என்றுகூட எனக்குத் தெரியாது. சோறு தொண்டையில் இறங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது. இறக்கிக்கொள்வேன்.

புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். டெய்லரம்மாதான் தைத்தாள். சாம்பல் நிறம், பட்டன் இல்லாமல் தலை வழியாக மாட்டுவது. அவளுக்குப் பழக்கமான எதுவும் என் மேல் இருக்கக் கூடாது.

ஆனால் முகத்தை என்ன செய்வது? எனக்கு ஒரே ஒரு பயம். அன்றைக்கு அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். மறக்கிறவள் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். கோட்டைப் பார்த்துச் சோற்றை விட்டவள், என்னைப் பார்த்து அந்த ரஸ்க்கையும் விட்டுவிட்டால்? அதுவும் போய்விட்டால் அப்புறம் அவள் வாய்க்கு என்று எதுவும் இல்லை. இதை நினைத்து இரண்டு தடவை வரவில்லை என்று எழுதிக் கிழித்தேன். வந்தாலும் தப்பாகலாம், வராவிட்டாலும் தப்பாகலாம். நீ கூப்பிட்டாய், அதனால் வருகிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டி. மூன்றரைக்கு உங்கள் தெருவில் இறங்கிவிடுவேன். மாடிப்படியில் மேலே ஏறி வந்து கதவுக்கு வெளியே நிற்பேன். மணி அடிக்க மாட்டேன், தட்ட மாட்டேன், இருமல் வந்தால் கீழே இறங்கிப் போய் இருமிவிட்டு வருவேன். நாலு மணிக்கு நீ வழக்கம்போலத் தட்டை வை. அவள் தின்று முடித்து, நீ கையைத் துடைத்து உறையை மாட்டின பிறகு கதவைத் திற.

தின்னாத நாளாக இருந்தால் திறக்காதே. நான் புரிந்துகொள்கிறேன். பஸ் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாள் மூன்றரைக்கு வருகிறேன். அன்றைக்கும் இல்லை என்றால் அதற்கு மறுநாள்.

அம்மா